நூற்றுப் பன்னிரண்டு செயல்படு நேயர்கள்

யார் யாரோ நிலாவுக்குப் போய் வந்திருக்கலாம். ஒரு வானொலிப் பெட்டியை உள்ளபடியே எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைத் துல்லியமாக அளந்த பெருமை, 1976-ஆம் ஆண்டில், ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே உள்ள குன்னிமரத்துப்பாளையத்தையே சேரும்.

அளந்தவர் வானொலி நேயர் மன்றச் செயலாளர் தங்கசாமி. ஊராட்சி அலுவலகத்தில் அரசு தந்த வானொலிப் பெட்டியும் கூரையில் அதன் ஒலிபெருக்கியும் இருந்தன. மாலை ஆறரை மணி உழவர் நிகழ்ச்சியை ஊரே கேட்டது. ஆனால் அவரவர் வீட்டில் இருந்தபடி கேட்டது. அதுதான் குற்றமாகப் போயிற்று. ஒன்றியத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: தினமும் நூறு 'செயல்படு நேயர்கள்' கையொப்பமிடாத ஊரின் பெட்டி பக்கத்து ஊருக்கு மாற்றப்படும்.

பக்கத்து ஊர் என்றால், எதற்கெடுத்தாலும் அவரோடு போட்டி போடும் மச்சினன் சின்னண்ணனின் ஊர். தங்கசாமிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் ஞானம் பிறந்தது. அலுவலக வாசலில்தான் தண்ணீர்க் குழாய். அதிலும் ஆறரைக்குத்தான் தண்ணீர் வரும்.

"மொதல்ல நோட்டுல கையெழுத்து. அப்பறந்தான் கொடம்!"

"ஏனுங் மாமா, ரேடியோவும் கேக்கோணுமுங்களா?" என்றாள் வரிசையில் முதலில் நின்ற குஞ்சம்மாள்.

"அது உன்ற இஷ்டம். கையெழுத்துப் போட்டாக் கேட்ட மாதிரி."

எண்ணிக்கை நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. கைக்குழந்தைகளின் கட்டைவிரல்கூட மையில் தோய்ந்தது. குடங்கள் முட்டிக்கொண்ட சத்தத்தில் பெட்டி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. செயலாளர் முன்மாதிரியாக, 'கேட்டேன், புரிந்தது' என்ற கட்டத்தில் நாள்தோறும் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு வரிசையில் சண்டை விலக்கப் போய்விடுவார்.

அவர் தோட்டத்தில் களை எடுக்கும் செல்லாயி மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் தன் ஒற்றைப் பசுவைப் பிடித்தபடி, நிகழ்ச்சியை முதலிலிருந்து கடைசிவரை கேட்பாள். ஊர்க் குழாயில் அவளுக்குத் தண்ணீர் பிடிக்கும் 'வழக்கம்' இல்லை. குழாய் இல்லாதவளுக்கு நோட்டு எதற்கு?

அந்த ஐப்பசியில், நாமகிரிப்பேட்டைப் பக்கம் தொண்டை அடைப்பான் கண்டு மாடுகள் விழுவதாகப் பேச்சு வந்தது. தன் மயிலைக் காளைகள் இரண்டையும் பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு படி மேலாக வளர்த்தவர் தங்கசாமி. அன்றிலிருந்து இரவில் அவற்றின் தொண்டையைத் தடவிப் பார்த்த பிறகுதான் படுத்தார்.

ஒரு புதன்கிழமை காலை செல்லாயி பசுவோடு அவர் வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, ஆட்டையாம்பட்டியில இன்னைக்கு ஒரு நாளுதான் தொண்டை அடைப்பானுக்கு ஊசி போடறாங்களாமுங்க. நேத்து ரேடியோவுல சொன்னாங்க. நம்ம காளைகளையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டு வரட்டுங்களா?"

தங்கசாமி பதற்றத்தோடு நோட்டை எடுத்துப் புரட்டினார். புரட்டியதும் நெஞ்சு நிம்மதியானது.

"நேத்துக் கேட்டவங்க நூத்திப் பன்னெண்டு பேரு. ஒருத்தராச்சும் எங்கிட்டச் சொன்னாங்களா? நீ கேட்டதா நோட்டுலயே இல்லியே. போ, போ, வேலையப் பாரு."

அவள் பசுவை மட்டும் ஓட்டிக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் நாள் காளைகளுக்குத் தொண்டை வீங்கியது. பத்தாம் நாள் கட்டுத்தறி காலி. ஊரில் மீதியிருந்த முப்பது மாடுகளும், செல்லாயியின் பசுவைத் தவிர, போயின. தங்கசாமி வெறும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

விசாரணைக்கு ஒன்றிய அலுவலர் மருதாசலம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எங்களுக்கு யாருமே சொல்லலீங்க!" என்று கதறினார் தங்கசாமி.

அலுவலர் நோட்டைத் திறந்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கம். 'கேட்டேன், புரிந்தது.'

"மொதக் கையெழுத்து உங்களுதுதானுங்களே? கேட்டீங்களா, இல்லீங்களா? கேக்கலீன்னா இந்தக் கணக்கே பொய்யின்னு எழுதோணும். பெட்டியும் பக்கத்து ஊருக்குப் போயிரும்."

தங்கசாமியின் கண்ணில் காளைகளும் மச்சினனும் மாறி மாறி வந்து போனார்கள்.

"கேட்டனுங்க," என்றார்.

அலுவலர் மனம் நிறைந்து எழுதினார்: 'அறிவிப்பு உரியவர்களைச் சென்றடைந்தது. செயல்பாடு நூறு விழுக்காடு. இன்னொரு பெட்டி வழங்கலாம்.' எழுதி முடித்து நிமிர்ந்தபோது, சாலையில் ஒரு பசு மணியாட்டிக்கொண்டு போயிற்று.

"அந்த மாடு மட்டும் எப்படிப் பொழைச்சுது? யாருதுங்க அது?"

"அது எங்க பண்ணையத்துச் செல்லாயி மாடுங்க," என்றார் தங்கசாமி, கண்ணைத் துடைத்தபடி. "அவ ரேடியோ கேக்கறவ இல்லீங்க."