டாட்காம் அண்ணாச்சியின் பை வேட்டை

பூமி ஒரு நொடி நின்றாலும் நிற்கும், எங்கள் டாட்காம் அண்ணாச்சி நிற்க மாட்டார். சவரம் பாதி நடக்கும்போதே எழுந்துபோய் லாரியில் வந்த சரக்கைப் பார்த்துவிட்டு, மீதிக் கன்னத்துக்குத் திரும்பி வந்து உட்காருவார். அவரிடம் பேச வேண்டியவர்கள் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே ஓட வேண்டும்.

சங்கரன்கோவிலில் அவருக்குப் பருத்திச் சேலைக் கடை. நான் அங்கே சேலை மடிக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். எனக்கும் சேர்த்து அண்ணாச்சி பேசிவிடுவார்.

கடைக்கு அம்மன் பெயர்தான், கோமதி. எங்கள் ஊர்ச் சந்தையில் நின்று ‘கோமதி’ என்று கூப்பிட்டால் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பாதிக் கடைகளின் போர்டும் திரும்பிப் பார்க்கும். அந்தப் பெயரில் அண்ணாச்சி இன்டர்நெட்டில் ஒரு முகவரி வாங்கினார். டாட்காம் என்று முடிவதை யாரோ முன்பே வாங்கியிருந்ததால் வேறு வால்தான் கிடைத்தது. ஊர் அதைப் பொருட்படுத்தவில்லை. டாட்காம் அண்ணாச்சி என்றே கூப்பிட்டது. அந்த முகவரியைப் பார்த்துத் துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆர்டர் வந்தது. வியாபாரம் படுத்துக்கிடக்கும் மாதங்களிலும் எங்களுக்கு நெய்துகொடுப்பவர்களின் தறிகள் ஓடின.

அப்போதுதான் வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்றின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கோமதி என்பது அவர்கள் பதிவு செய்த வியாபாரப் பெயராம். டாட்காம் அவர்களிடம்தான் இருந்ததாம். வால் தவிர இரண்டும் ஒரே முகவரி, வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்கள், ஒப்படைத்துவிடுங்கள், இல்லையென்றால் வழக்கு. எங்கள் வக்கீல் படித்துச் சொல்லச் சொல்ல அண்ணாச்சி மேஜையைச் சுற்றிவந்தார். வக்கீலும் நாற்காலியோடு சுழன்று சுழன்றே படித்து முடித்தார்.

“பேசாம குடுத்துருவோமா அண்ணாச்சி?” என்று கேட்டார் வக்கீல்.

“குடுத்துட்டா ஆர்டர் பூரா அவன் வாசலுக்குப் போயிரும் வே. நம்மள நம்பி தறி ஓட்டுதவன் என்ன செய்வான்?”

அவர்கள் பதிவு செய்யும் முன்பே இந்தப் பெயரில் வியாபாரம் செய்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார் வக்கீல். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். அண்ணாச்சிக்கு எதுவும் பழசாகப் பொறுக்காது. தீபாவளிக்குத் தீபாவளி போர்டைப் புதிதாக எழுதுவார். பழைய பில் புத்தகங்களைப் பொங்கலுக்கு முன்பே எடைக்குப் போட்டுவிடுவார்.

வக்கீல் வீட்டுப் படி இறங்கும்போது, எதிரே ஒரு பெண் எங்கள் கடைத் துணிப்பையோடு போனார். செல்போன் வராத காலத்துப் பை. கடைப் பெயருக்குக் கீழே நாலு இலக்கப் போன் நம்பர். அண்ணாச்சி பாய்ந்துவிட்டார்.

“பையக் குடும்மா. புதுப் பை ரெண்டு தாரேன்.”

“பையக் குடுத்துட்டுத் தக்காளிய மடியிலயா கட்டிட்டுப் போவேன்? சேலை வாங்கும்போது ரெண்டு ரூவா குறைச்சேரா நீரு?”

அந்தத் தக்காளியை அவர் தன் வேட்டி மடியில் கட்டிக்கொண்டு அந்தம்மா வீடு வரை நடந்தார். நானும் பின்னால் நடந்தேன், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

மறுநாளிலிருந்து ஊரில் கதவுக்குப் பின்னால் தொங்கிய பைகளுக்கு நிம்மதி இல்லை. ரேஷன் கார்டு இருந்த பை, மிக்ஸிக்கு உறையாக இருந்த பை, எல்லாம் வந்தன. புளியங்குடி பஸ்ஸை மறித்து, எலுமிச்சம்பழத்தைச் சீட்டில் கொட்டி ஒரு பையை வாங்கினார். ஆனால் ஜனங்களுக்கு ‘கோமதி’ இருந்தால் போதும். நகைக்கடைப் பை, பாத்திரக்கடைப் பை, பலசரக்குக் கடைப் பை என்று கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். “இவனுக பையத் தூக்கித் தூரப் போடுல” என்றார் அண்ணாச்சி என்னிடம். ஊரில் கோமதி என்று பெயர் வைத்த அத்தனை கடைக்காரர்களோடும் அவருக்குச் சண்டை. எனக்குத் துணியைக் கண்டால் மடிக்கத்தான் தெரியும். எல்லாவற்றையும் மடித்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன்.

வக்கீல் மூட்டையைப் பிரித்தார். எங்கள் பைகளை ஆதாரத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டார். மற்றக் கடைப் பைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“இது அம்மன் பேரு, ஊரே வச்சிருக்கு, எவனுக்கும் தனிச் சொந்தம் இல்லன்னு எழுதிரலாம். ஆனா ஒமக்கும் சொந்தம் இல்லன்னு ஆயிரும். சம்மதமா?”

அண்ணாச்சி வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். கோமதி என்றால் நான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர்.

“எழுதும் வே” என்றார் கடைசியில். “ஆத்தா பேரு எனக்கு மட்டுந்தான்னு சொன்னா அவளே சிரிப்பா.”

பதில் போனது. பிறகு கம்பெனி இறங்கிவந்தது. முகவரியை வைத்துக்கொள்ளலாம், தங்களுக்கும் இந்தக் கடைக்கும் சம்பந்தமில்லை என்று மட்டும் அதில் போட வேண்டும் என்றார்கள். “அதத்தானல நான் மொதல்லருந்து சொல்லுதேன்” என்று அண்ணாச்சி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள், கைவேலையாக இருந்த என் முன்னால் செல்போனை நீட்டினார். இன்டர்நெட்டில் ஒரு முகவரி. என் பெயர்.

“எனக்கு எதுக்கு அண்ணாச்சி?”

“நாளைக்கு எவனாவது ஒம் பேரையும் எடுத்துட்டுப் போயிட்டான்னா?” என்றவர், பதில் கேட்காமல் தெருவில் இறங்கிவிட்டார்.

அதில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைப் பக்கம். வருஷா வருஷம் அவரே புதுப்பிக்கிறார். கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் நான் அதைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.