சம்மதமே எம் மதம்

மனிதன் பெற்ற உரிமைகளில் தலையாயது சம்மதிக்கும் உரிமை. அதை வாரி வழங்கும் ஒரு கார் கம்பெனியில் நான் 'சம்மதப் பிரிவு' தலைமை அதிகாரி. 'மறுப்புப் பிரிவு' என்றும் ஒன்று உண்டு. அதற்கு இன்னும் ஆளும் போடவில்லை, அறையும் ஒதுக்கவில்லை.

சென்ற திங்கட்கிழமை டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒருவர் வந்தார். இருபது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். ஒரு விபத்து கிடையாது. ஆறு மாதம் முன்பு எங்கள் 'அறிவுள்ள கார்' வாங்கினார். இப்போது எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் அவரை வாசல்படி ஏற விடவில்லையாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஸ்கூல் நடத்த முடியாது.

"என்னைப் பத்தி என்ன சார் சொல்லி வச்சிருக்கீங்க?"

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவருடைய கார் எங்களுக்கு அனுப்பியிருந்த 'நடத்தை அறிக்கை'யை வாசித்தேன்.

"போன மாசம் மட்டும் சடன் பிரேக் நானூத்திப் பன்னெண்டு. பிளாட்பாரத்துல ஏத்தினது எட்டு. இண்டிகேட்டருக்குப் பதிலா வைப்பர் போட்டது தொண்ணூத்தாறு."

"ஐயோ, அதெல்லாம் என் ஸ்டூடண்ட்ஸ் சார்!"

"கார் ஒருத்தரைத்தான் டிரைவர்னு நம்பும். வாங்கினவரை. அப்புறம், 'செத்தோம்டா சாமி'ன்னு அலறினது முப்பத்தொண்ணு."

அவர் தலை குனிந்தார். "அது நான்தான்."

உண்மையை ஒப்புக்கொள்ளும் வாடிக்கையாளரைக் கண்டால் எனக்குக் கண் கலங்கிவிடும்.

"இதையெல்லாம் இன்சூரன்ஸ்காரனுக்கு வித்துட்டீங்களா?"

"சேச்சே! 'பகிர்ந்துகிட்டோம்'. அவங்க மனசு நெகிழ்ந்து பணம் அனுப்பினாங்க. நீங்கதான் கார் திரையில 'சம்மதம்' பட்டனை அமுக்கினீங்களே?"

"பக்கத்துல இருந்த இன்னொரு பட்டன்ல 'அப்புறமா சம்மதிக்கிறேன்'னு இருந்துச்சு!"

"பாருங்க, ரெண்டு பட்டன் குடுத்திருக்கோம்."

"ரெண்டையும் அமுக்காம விட்டா வண்டி ஸ்டார்ட் ஆகலியே!"

"ஓட்டித்தான் ஆகணும்னு உங்களை யார் கட்டாயப்படுத்தினா? வாங்கி, வாசல்ல நிறுத்தி, அழகு பார்க்கலாமே."

அவர் குரல் இறங்கியது. "பதினாறு பேர் டெஸ்டுக்குக் காத்திருக்காங்க சார். நேத்து என் பொண்டாட்டி ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, 'வராதீங்க'ன்னு சொன்னா. குடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்க வழியே இல்லையா?"

"ஏன் இல்லாம? ஒரு படிவம் இருக்கு. எங்க நிபந்தனைகளுக்கெல்லாம் சம்மதம்னு அதுல கையெழுத்துப் போட்டா போதும்."

சாவியை என் மேஜைமேல் வைத்தார்.

"நீங்களே வச்சுக்குங்க. மச்சினன்கிட்ட ஒரு பழைய கார் இருக்கு. ஜன்னல் கண்ணாடியைக் கையால சுத்தித்தான் இறக்கணும். இன்சூரன்ஸை என் பொண்டாட்டி பேர்ல எடுத்துக்கறோம். நல்லவேளை, அவளைப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

கதவுவரை போனவர் திரும்பினார்.

"ஆமா, நீங்க எந்தக் கார்ல வர்றீங்க?"

"பஸ்ல."

"கம்பெனி கார் குடுக்கலியா?"

"குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன் சார்?"

நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமையோடு சொன்னேன்.

"அந்த நிபந்தனைகளை எழுதினவன் நான். இந்த உலகத்துல அதை முழுசாப் படிச்ச ஒரே ஆளும் நான்தான்."