புங்க மரத்தைக் குளிப்பாட்டிய கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தேய்த்துக் கழுவிவிடுவேன். (பேரன் பிறந்தபோது அவன் மச்சத்தை அழுக்கு என்று தேய்த்தவள் நான்.) அந்த வியாதியால் என் புருஷனை ரெண்டாவது தடவை பறிகொடுத்தேன்.

மந்தைவெளியில் ஒரு புங்க மரத்தடியில் எங்கள் இஸ்திரி வண்டி நிற்கும். வேலை இல்லாத நேரத்தில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மரத்தில் தலையைச் சாய்த்துக்கொள்வார். மனுஷன் எதில் கஞ்சத்தனம் பார்த்தாலும் தலைக்கு எண்ணெய் வைப்பதில் பார்த்ததில்லை. வருஷக்கணக்காகச் சாய்ந்து சாய்ந்து, பட்டையில் தலை அளவுக்குக் கறுப்பாக ஒரு எண்ணெய்க் கறை. போன ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். கறை இருந்தது. துணி மடிக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுக்கொள்வேன். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் வெளுத்துக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மரத்தைப் பார்க்க, மரம் செடி பற்றி ஆராய்கிற ஒரு கூட்டம் வரும். படம் வரைவார்கள், நூல் கட்டிச் சுற்றளவு எடுப்பார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பட்டையில் உள்ள வெள்ளைத் திட்டுகளை அளப்பார்கள். (என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பார்க்கவில்லை.) அவர்களைக் கூட்டி வருகிற தீபாவிடம் கேட்டேன்.

"கண்ணு, இந்தக் கறைய வரைஞ்சு குடுப்பியா? மழைல போய்க்கினே கீது."

"அடுத்த வாரம் கலர் எடுத்துட்டு வரேன் பாட்டி."

சனிக்கிழமை சாயங்காலம் மரத்தைப் பார்த்தேன். ஒரே பஸ் புகை, தூசி. சுற்றிக் கழுவினால் கறை எடுப்பாகத் தெரியுமே என்று தோன்றியது. பாத்திர சோப்பும் கம்பி நாரும் எடுத்தேன். நுரை எல்லாப் பக்கமும் ஓடியது. நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஈரத்தில் மரம் முழுக்கவே கறுப்பாக இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற சோப்பு, மரத்தில் மட்டும் விட்டுவைக்குமா? முப்பது வருஷம் பத்துப்பாத்திரம் தேய்த்தவளுக்கு இது தோன்றவில்லை.

காலையில் தீபா மரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்ன பாட்டி ஆச்சு?"

"நீங்கல்லாம் வர்றீங்கன்னு குளிப்பாட்டி வுட்டேன்."

"அந்த வெள்ளைத் திட்டெல்லாம் பாசி மாதிரி ஒரு உயிர் பாட்டி. மூணு மாசமா அளந்துட்டிருந்தோம்."

"உயிரா? நான் சொறின்னுல்ல நெனச்சேன்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். தீபா கலர் டப்பாவைத் திறந்தாள். "சரி, தாத்தாவோட கறை எங்க?"

"தோ, இங்கதான் கீது" என்று கையை வைத்தேன். காய்ந்த பட்டை சாம்பல் நிறத்தில் இருந்தது. வேறு பக்கமாக இருக்கும் என்று மரத்தை ஒரு சுற்று வந்தேன். ரெண்டாவது சுற்றில் தீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்றைக்கும் நான் சோப்பை எடுத்தால் மருமகள் செல்வி குரல் கொடுப்பாள்: "எல்லாரும் தள்ளிக்கோங்க. அத்தை மாமாவையே வுடல."

வீடே சிரிக்கும். நானும்தான்.

சுவரில் அவர் படம் தொங்குகிறது. தூசி ஏறி ஏறி, இப்போது மீசை மட்டும்தான் தெரிகிறது. செல்வி துணியோடு வருவாள். "தொடைக்கட்டுமா அத்தை?"

"வேணாம்மா, வுடு. அப்டியே இருக்கட்டும்."