ஒரு மணி நேர ஓய்வு

ஓய்வு நேரத்துக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. சுகாதார நிலையத்தின் பெரிய அறையில் தான் போட்டுவைத்த நாற்காலிகளைப் பார்த்தபடி நர்ஸ் நின்றாள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள், கைக்குழந்தைகளுக்கு ஒரு நாள், முதியவர்களுக்கு ஒரு நாள் என்று ஊரில் எல்லோருக்கும் இங்கே நாள் உண்டு. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களைக் கேட்கத்தான் நாதியில்லை. பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மாத்திரை வாங்க வந்த தையல்காரி, போன வாரம் இந்த வாசலிலேயே மயங்கி விழுந்தாள். "கடைசியா எப்போம்மா தூங்கினே?" என்று கேட்டதற்கு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். அன்றே டாக்டரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, இப்படிப்பட்டவர்கள் வாரம் ஒரு மணி நேரம் வந்து ஓய்வெடுக்க நர்ஸ் இந்த அறையை வாங்கினாள்.

"அடுத்த வாரமும் ஆள் வரலைன்னா இந்த அறையைத் தடுப்பூசிக்குக் கொடுத்துடுவேன்" என்றார், காலி நாற்காலிகளை எட்டிப் பார்த்த டாக்டரம்மா.

நர்ஸ் நேரே தையல்காரி வீட்டுக்குப் போனாள்.

"ஏம்மா வரலை?"

"அப்பாவை யார்கிட்ட விட்டுட்டு வர்றது சிஸ்டர்?"

நியாயமான கேள்விதான். கூப்பிட்ட மகராசிக்கு அது தோன்றவே இல்லை.

"சரி, அவரையும் கூட்டிட்டு வா. எல்லாரையும் அப்படியே வரச் சொல்லு."

அடுத்த வாரம் அறை நிரம்பி வழிந்தது. சக்கர நாற்காலிகள், மடக்குக் கட்டில்கள், தள்ளுவண்டியில்கூட ஒருவர். ஆனால் ஓய்வெடுக்க வந்தவர்கள் உட்காரவே இல்லை. தங்கள் நோயாளிக்குக் கஞ்சி புகட்டிவிட்டு, பக்கத்து நோயாளிக்கும் வாய் துடைத்தார்கள். தையல்காரி, யாரோ ஒரு வாத்தியாருக்குத் தலையணை சரிசெய்துகொண்டிருந்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

"இவங்களை நான் பார்த்துக்கிறேன். நீங்கள்லாம் பக்கத்து அறையில போய்ப் படுங்க."

பாய் விரித்துக் கொடுத்தாள். யாரும் படுக்கவில்லை. கதவிடுக்கில் தலைமேல் தலையாக நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வெளிச்சம் ஆகாது சிஸ்டர்."

விளக்கை அணைத்தாள்.

"ஐயோ, எங்கம்மாவுக்கு இருட்டுன்னா பயம்!"

போட்டாள். ஒருத்திக்காக ஜன்னலைத் திறந்தாள், இன்னொருத்திக்காகச் சாத்தினாள். கட்டிலில் கிடந்த அம்மா ஒருத்தி இருமினாள். உடனே மொத்தக் கூட்டமும் உள்ளே பாய்ந்து வந்தது.

நர்ஸ் தையல்காரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒருத்தராவது கண்ணை மூடுங்கம்மா! இவ மறுபடி விழுந்து எழுந்திரிக்கலைன்னா இவ அப்பாவை யார் பார்ப்பா?"

தையல்காரி மெல்லச் சொன்னாள்: "அப்பா தூங்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும் சிஸ்டர். அவர் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கும்போது நான் எப்படி?"

சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. பக்கத்துக் கட்டிலிலும் அப்படியே. இருட்டுக்குப் பயந்த அம்மாவும் அசையவில்லை. வாத்தியார் குறட்டையே விட்டுக்கொண்டிருந்தார்.

தையல்காரியின் தோள்கள் தளர்ந்தன. போய்ப் பாயில் சாய்ந்தாள். தலை சாய்ந்ததுதான் தெரியும், தூங்கிவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சுருண்டார்கள். அந்த முகங்களைப் பார்த்தபோது நர்ஸுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

குறட்டை சட்டென்று நின்றது. வாத்தியார் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"தூங்கிட்டாங்களா?"

"தூங்கிட்டாங்க" என்றாள் நர்ஸ், ஒன்றும் புரியாமல்.

ஒவ்வொரு கட்டிலிலும் கண்கள் திறந்தன. தையல்காரியின் அப்பா கோணிய வாயால் சிரித்தார்.

வாத்தியார் பெருமூச்சு விட்டார். "அடுத்த வாரமும் இவங்களைக் கூட்டிட்டு வர்றோம் சிஸ்டர், வீட்டுல நாங்க தனியா எவ்வளவு குறட்டை விட்டாலும் ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."