தொலைபேசிப் புள்ளடி

விலங்கியல் படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்: வாக்கில்லாத வாக்காளர் என்று ஓர் இனம் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகரில் எந்த ரயில் பெட்டியில் ஏறினாலும் ஒருவராவது அகப்படுவார். மற்றவர்கள் வாய் திறவாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கைப்பேசியைக் கடிக்கப்போகும் பாண்துண்டு போல வாய்க்கு நேரே பிடித்து, வயலில் புகுந்த மாட்டைக் கலைக்கிற குரலில் இலங்கை அரசியலை நடத்திக்கொண்டிருப்பார்.

எங்கள் கணேசலிங்கம் அண்ணையையே பாருங்கள். ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்து எத்தனையோ வருடம்; ஊர் வாக்கு அன்றைக்கே போய்விட்டது. இலங்கையில் அரசியலமைப்பைத் திருத்தி, நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்து வருடத்திலிருந்து ஏழாக்க, சர்வசன வாக்கெடுப்பு வருகிறதாம் என்று ஒரு பேச்சு அடிபட்டதுதான் தாமதம், மனிதர் களத்தில் இறங்கிவிட்டார். களம் எது? வீட்டுச் சோபா.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருக்கும் தங்கைக்கு, வாக்குச்சீட்டில் எதற்கு நேரே புள்ளடி போடுவது என்று முதல் கட்டளை.

"பிரபாலினி, பானைக்குப் புள்ளடி போடு!"

"எந்தப் பானை அண்ணை?"

"எண்பத்திரண்டிலையும் இப்பிடித்தானே ஆயுளை நீட்டக் கேட்டவங்கள். ஓம் எண்டால் விளக்கு, இல்லை எண்டால் பானை. மறந்துபோனியோ?"

"இப்ப ஆர் பானை வைச்சிருக்கினம்? குக்கர்தான். இன்னும் திகதியே சொல்லேல்லை அண்ணை. சோறு அடிப்பிடிக்குது, வைக்கிறன்."

விடுவாரா? அடுத்தது மச்சான். அப்புறம் மச்சானின் சம்பந்தி.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொலோனில் நகரசபைத் தேர்தல். அவருடைய சொந்த மகள் துஷானி வேட்பாளர். மூன்று மாதமாகப் படியேறிக் கதவு தட்டியவள், காலையிலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

"அப்பா, ஆறு மணிக்கு வாக்குச்சாவடியைப் பூட்டிப்போடுவினம்."

"வாறன் பிள்ளை," என்றார் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு. " இதொரு முக்கியமான கோல்."

துஷானி தோற்றாள். ஒரே ஒரு வாக்கால் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். அப்படியில்லை, நன்றாகவே தோற்றாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டாள்:

"அப்பா, நீங்கள் போட்டனீங்களோ?"

"இஞ்சை எல்லாம் அவையள் ஒழுங்காச் செய்வினம் பிள்ளை. ஊரைத்தான் ஆராவது பார்க்கவேணும்."

"அப்ப நான் ஆரின்ரை ஆள், அப்பா?"

அன்றைக்குத்தான் அண்ணை முதன்முறையாக அழைப்பைத் துண்டித்தார். மறுமுனையில் யார் என்று கேட்கிறீர்களா? சம்பந்தியின் தம்பி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொழும்பில் யார் அமைச்சர், சென்னையில் யார் யாரோடு கூட்டணி என்பதெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம், தெரியும். உங்கள் தெருவுக்கு நகரசபை உறுப்பினர் யார்?

தேடிப் பார்க்காமல் சொல்லுங்கள்.