காற்றைத் திருப்பித் தரும் பேய்

காற்றைத் திருடும் பேய் ஒன்று உண்டென்றே வைத்துக்கொள்வோம். திருடிய காற்றைக் காலை ஒன்பது மணிக்கு வந்து திருப்பித் தந்துவிட்டுப் போகும் பேய் எங்கே உண்டு?

நாகலாபுரம் மலையில் உண்டு என்று ஊரே சொன்னது. சாட்சி முனியப்பனின் இடுப்பு.

முனியப்பன் மலைக்கு வழிகாட்டி. சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து வரும் ஆபீஸ் கூட்டத்தை ஓடை வழியாக மேலே கூட்டிப்போய், பாறையில் ஓர் இரவு தங்கவைத்து, மறுநாள் கீழே இறக்கிவிடுவது அவர் வேலை. இருபது வருடமாகச் சாக்கை விரித்துப் பாறையில் படுத்தவர். போன கோடையில் ஒரு பெண் இறங்கும்போது, "வெச்சுக்கோங்கண்ணா" என்று தன் காற்றுப்பாயைக் கொடுத்துவிட்டுப் போனாள். அரைக் கிலோ எடை. சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவு. ஊதினால் ஆள் நீளத்துக்கு நான்கு விரல் உயர மெத்தை. கோடை முழுக்க முனியப்பன் அதில் ராஜா மாதிரி தூங்கினார்.

மார்கழி பிறந்தது. சிக்கலும் பிறந்தது.

சாயங்காலம் ஊதினால் பாய் தவில் மாதிரி விறைப்பாக நிற்கும். விடியும் முன் இடுப்பெலும்பு பாறையில் இடிக்கும். ஓட்டை என்று நினைத்தார். ஆனால் யாரும் மூடியைத் தொடாமல், யாரும் ஊதாமல், காலை வெயில் ஏறியதும் பாய் தானாகவே மறுபடி விறைத்தது. ஓட்டை வழியே காற்று போகும், சரி. போன காற்று எப்படித் திரும்பி வரும்?

அவர் மகள் சுஷ்மிதாவுக்கும் புரியவில்லை. அவளுக்குப் புரியாததுதான் விசேஷம். ஸ்ரீ சிட்டியில் கார் ஏசிக்குக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலையே ஓட்டை பார்ப்பது. பாயைப் பம்ப்செட் தொட்டியில் அமுக்கி, அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"ஒரு குமிழிகூட வரல நைனா. இதுல ஓட்டையே கெடயாது."

"அப்போ காத்த எவன் குடிச்சிக்கினு போறான்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் புத்தூர் சாலையில் மாந்தோப்புக்குள் ஏற்கெனவே கடை விரித்திருந்தார்.

சுவாசானந்த சுவாமி. காவி வேட்டி, வெள்ளைத் தாடி, பீப்பாய் மாதிரி நெஞ்சு. வெள்ளிக்கிழமையானால் தோப்பு வாசலில் ஆட்டோவும் வேனும் அரை மைல் நிற்கும். ஆஸ்துமாக்காரர்கள் வந்தார்கள். பரீட்சை எழுதுபவர்கள் வந்தார்கள். பஞ்சரான டிராக்டர் டயரோடு ஒருவர் வந்தார். மலை ஏறுபவர்கள் காற்றுப்பாயோடு வந்தார்கள். வாசலில் சீடன் ரமணா கத்திக்கொண்டிருப்பான்.

"ரண்டி, ரண்டி, வாங்க! பாய் கொண்டாந்தவங்க ரைட் சைடு! மூச்சு முட்டறவங்க லெஃப்ட் சைடு! டயர் தெச்சினவாரு, டயர் கொண்டாந்தவரு, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க!"

சுவாமி இரண்டு அற்புதங்கள் செய்வார். முதலாவது, ஒரே மூச்சு. நாம் இருபது முறை ஊதிக் கண் இருட்டி உட்காரும் பாயை அவர் ஒரே ஊதில் நிரப்புவார். ஆள் நீளத்துக்கு ஒரு காவிப் பட்டுப் பையைப் பாயோடு மாட்டி, பையின் வாயை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, "ஓம்" என்று ஒரு ஊது. பை புடைக்கும். பையைச் சுருட்டி அமுக்கினால் பாய் புடைக்கும். "பிராணன்டா, பிராணன்!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இரண்டாவது, பேயோட்டல். நோயாளிப் பாயை 'இமய அறை'யில் அரைமணி வைப்பார்கள். வெளியே வரும்போது அது துவண்டிருக்கும். பேய் உள்ளே இருப்பதற்கு அதுதான் அடையாளமாம். அதை முற்றத்துக் கரும்பாறையில் போட்டுச் சுவாமி கால்மணி நேரம் மந்திரம் சொல்வார். பாய் மெல்ல விறைக்கும். பேய் காற்றைக் கக்கிவிட்டு ஓடிவிட்டது! இமய அறையில் இரண்டு டன் ஏசி ஓடுவதையும், முற்றத்தில் பகல் பதினொரு மணி வெயில் அடிப்பதையும் யாரும் கவனிக்கவில்லை. கவனிப்பதற்கா அவ்வளவு தூரம் வருகிறார்கள்?

வாரத் தொடக்கத்திலேயே தோப்புக்குப் போன முனியப்பனின் பாயை மோந்து பார்த்துவிட்டுச் சுவாமி கண்ணை மூடினார்.

"மார்கழிலே மலைமேல ஒண்ணு அலையுது நாயனா. மொதல்ல பாயில இருக்கிற உன் மூச்சைக் குடிக்கும். ருசி பழகினா, அப்புறம் நெஞ்சுல இருக்கிற மூச்சு. இனி மலை ஏறாதே. ஏறினா இறங்க மாட்டே."

ஏறியே ஆகவேண்டும் என்றால் அதற்கும் வழி வைத்திருந்தார்: 'பிராண கவச மெத்தை'. நீச்சல் குளத்தில் குழந்தைகள் மிதக்கும் ரப்பர் மெத்தை. அதன் மேல் மந்திர யந்திரக் கட்டம் அச்சடித்த ஒரு ஸ்டிக்கர். எடை இரண்டரைக் கிலோ. அதை முதுகில் தூக்கிக்கொண்டு மலை ஏறினால் மூச்சைக் குடிக்கப் பேய் தேவையில்லை.

முனியப்பன் அதை வாங்கவில்லை. மலையையே விட்டுவிட்டார். வரும் சனிக்கிழமைக்குப் பதின்மூன்று பேர் பதிவு செய்திருந்தார்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போன் செய்யப் போனார்.

சுஷ்மிதா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இருபது வருஷமா ஏறுற மலையை ஒரு பாய்க்காக விட்டுடுவியா?"

"பாய் இல்லம்மா. மூச்சு. நீ தொட்டில பாத்தே இல்ல? ஓட்டை இல்லன்னு நீதான சொன்னே? அப்போ இன்னா அர்த்தம்?"

அப்பா நடுங்கி அவள் பார்த்ததே இல்லை. பாம்பைக் கண்டால் "ஓரமா போ சாமி" என்று வழிவிடுகிறவர்.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அதுவரைக்கும் யாருக்கும் போன் பண்ணாதே."

வியாழக்கிழமை ஷிஃப்டில் அவளுக்குப் பதில் கிடைத்தது. தினமும் கண்ணெதிரே தொங்கும் ஒரு பலகையில்.

அவள் வேலை இதுதான்: குழாயின் இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே காற்று ஏற்றி, அழுத்த மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. இறங்கினால் ஓட்டை. சிவப்பு விளக்கு எரியும். ஆனால் உலையிலிருந்து நேராக வந்த குழாயை மாட்டினால், ஓட்டையே இல்லாவிட்டாலும் முள் இறங்கும். சூடான காற்று இடம் நிறையப் பிடிக்கும், ஆறினால் அதே காற்று சுருங்கும், அவ்வளவுதான். அதனால்தான் பெஞ்சுக்கு மேலே அந்தப் பலகை: 'சூடான பீஸ் டெஸ்டுக்கு வரக்கூடாது. ஆறட்டும்.'

மூன்று வருடமாக அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அதில் அப்பாவின் பாய் தெரிந்தது. வாயால் ஊதிய சூடான காற்று. மார்கழிக் குளிரில் சுருங்குகிறது. வெயிலில் விரிகிறது. காற்று எங்கேயும் போகவே இல்லை. கோடையில் இரவும் வெந்துகொண்டிருக்கும். அதனால்தான் பேய் கோடையில் லீவு.

வெள்ளிக்கிழமை அப்பாவையும், ஒரே மாதிரி இரண்டு பாய்களையும் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனாள். ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று கூட வேலை செய்யும் பெண்ணிடம் இரவல் வாங்கியது. ரமணா இரண்டையும் இமய அறையில் வைத்து எடுத்து வந்தான். இரண்டும் துவண்டிருந்தன.

"ரெண்டு பேயா!" என்று கூட்டம் வாயைப் பிளந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்," என்றாள் சுஷ்மிதா பணிவாக. "ரெண்டையும் பாறையில போடலாம். நைனா பாய்க்கு நீங்க மந்திரம் சொல்லுங்க. இந்தப் பாய்க்கு நான் சொல்றேன்."

"உனக்கு மந்திரம் தெரியுமாம்மா?"

"டெய்லி கேக்கறது ஒண்ணு தெரியும் சாமி."

சுவாமி சிரித்தார். பெருந்தன்மையாகத் தலையசைத்தார். அவர் வாழ்க்கையின் விலை உயர்ந்த தலையசைப்பு அதுதான்.

நடுவராக வாசலில் டீ விற்கும் பொன்னியம்மாளை உட்கார வைத்தார்கள். நல்ல கனத்த உடம்பு, ஆஸ்துமா, மறைக்கத் தெரியாத வாய். முதலில் இரண்டு பாயிலும் உட்கார்ந்து பார்த்தாள். "ரெண்டுலயும் பாறை குத்துது."

சுவாமி மந்திரத்தைத் தொடங்கினார். சுஷ்மிதா கை கூப்பி, கண்ணை மூடி, ராகம் போட்டாள்:

"சத்தியவேடு... நாகலாபுரம்... பிச்சாட்டூர்... நாராயணவனம்... புத்தூர்... வடமாலபேட்டை... திருப்பதி, திருப்பதி, திருப்பதி!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு கண்டக்டர் பயபக்தியோடு எழுந்து நின்றதாகவும் கேள்வி. கால்மணி ஆனது. பொன்னியம்மாள் சாமி பாயில் உட்கார்ந்தாள்.

"நல்லா கீது."

பஸ் பாயில் உட்கார்ந்தாள்.

"இதுவும் நல்லா கீது. கொஞ்சம் ஜாஸ்தியாவே கீது."

ரமணா குறுக்கே பாய்ந்தான். "சாமி மந்திரம் பக்கத்து பாய் மேலயும் பட்டிருச்சு! பவர் அப்படி!"

"அவுனு, அவுனு," என்று ஆமோதித்தார் சுவாமி.

"சரி சாமி," என்றாள் சுஷ்மிதா. "அப்போ தள்ளி வெச்சுக்கலாம். ரெண்டையும் மறுபடி ரூம்ல வெச்சு சப்பையாக்கிருவோம். நைனா பாய் அங்கயே இருக்கட்டும், நீங்க உள்ளயே உக்காந்து மந்திரம் சொல்லுங்க. என் பாயை இங்க வெயில்ல போடறேன். நான் வாயே தொறக்கல."

"மந்திரத்துக்குச் சூரிய சாட்சி வேணும்மா..."

"அப்போ வேலை செய்யறது மந்திரமா சாமி, சூரியனா?" என்றார் டயர்க்காரர். காலையிலிருந்து காத்திருந்த கோபம் அவருக்கு.

கூட்டத்துக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. பேயைப் பார்க்க வந்தவர்கள் இப்போது சோதனையைப் பார்க்க விரும்பினார்கள். "சொல்லுங்க சாமி, உள்ள போங்க சாமி" என்று அவர்களே சுவாமியை அறைக்குள் தள்ளினார்கள். சுவாமி ஏசியில் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்தினார். அரைமணி கத்தினார். பாய் அசையவில்லை. வெளியே யாரும் ஒரு வார்த்தை பேசாத பாய் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது.

பொன்னியம்மாள் உள்ளே போய் உட்கார்ந்தாள். "ஐயோ, தரை குத்துது!" என்று எழுந்தாள். பிறகு சுவாமியின் பட்டுப் பையைக் கையில் எடுத்தாள்.

"சாமி, இத நானும் ஒருவாட்டி ஊதறேன். பாக்கலாம்."

"ஆஸ்துமாக்காரி நீ, வேணாம்!" என்று ரமணா பிடுங்க வந்தான். அதற்குள் அவள் பையைச் சுவாமி பிடிப்பதுபோலவே முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து "ஃபூ" என்றாள். பை கும்மென்று புடைத்தது. அவளே பயந்துபோய்ப் பையைக் கீழே போட்டாள். வேகமாகப் போகிற மூச்சு, சுற்றியுள்ள காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஒரு பங்கு ஊதினால் பல பங்கு உள்ளே நுழையும். வாயை ஒட்டி வைத்து ஊதினால் இந்த உதவி கிடைக்காது. "இப்போ ஒதட்டோட ஒட்டி ஊதுங்க சாமி" என்றாள் சுஷ்மிதா. சுவாமி ஊதினார். பையின் ஒரு மூலை மட்டும் மரியாதைக்கு எழுந்து நின்றது.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "யோவ், நீ சித்தூர் எக்ஸிபிஷன்ல பசங்க குதிக்கிற காத்துக் கோட்டை வெச்சிருந்த பாபு இல்ல?"

தாடிக்குள் பாபு அசட்டுச் சிரிப்பு சிரித்தார். காற்றைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். அதுதான் வேதனை. தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்திருந்தால் வாத்தியார் ஆகியிருப்பார். மறைத்ததால் சாமி ஆனார். நாம்தான் வாத்தியாரைவிடச் சாமிக்கு நீளமாக வரிசையில் நிற்கிறோமே.

முனியப்பன் மட்டும் இன்னும் பாறையருகே நின்றிருந்தார். உப்பிய பாயைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு நிழலில் இழுத்துப் போட்டார். காத்திருந்தார். மறுபடி அமுக்கினார். விரல் கொஞ்சம் கூடுதலாகப் பதிந்தது.

"இது என் மூச்சே இல்ல," என்றார் மெதுவாக. "வெறும் காத்து."

"வெறும் காத்துதான் நைனா."

"தூ! இதுக்கா நான் பயந்துகினு இருந்தேன்?" என்றவர் மகளிடம் கையை நீட்டினார். "போனைக் குடு. அந்தப் பதிமூணு பேரும் எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு கேக்கணும்."

சனிக்கிழமை மலை ஏறினார். ஞாயிறு காலை, வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தார். பதின்மூன்று பேரும் அவருக்கு முன்னால் எழுந்து, டீக்காகக் காத்திருந்தார்கள்.

இப்போது அவர் கூட்டிப்போகும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அடிவாரத்திலேயே ஒரு பாடம் நடக்கிறது. இதற்கு வரிசை கிடையாது, உண்டியல் கிடையாது. "காத்துப்பாய் வாங்குறப்போ கையில தூக்கிப் பாருங்க, அரைக் கிலோ சுமாருக்கு மேல வேணாம். ஒருக்களிச்சிப் படுத்தா இடுப்பு தரையைத் தொடக்கூடாது, அந்த உசரம் போதும். அட்டையில ஆர்-னு போட்டு ஒரு நம்பர் இருக்கும். நம்பர் பெருசா இருந்தா தரைக்குளிர் ஏறாது. இந்த மலைக்கு ரெண்டு போதும்."

பாபு விட்டுப்போன பட்டுப் பை இப்போது முனியப்பனிடம்தான் இருக்கிறது. அந்தத் தோப்பில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான். அதில் ஊதினால் வாய்க்காற்றின் சூடும் ஈரமும் பாய்க்குள் அதிகம் போகாது. ஒன்றுக்கு இருமுறை யோசிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு, பாய் துவளாமல் பார்த்துக்கொள்ளும் மிச்ச வேலையும் எளிது. பேய் வந்துதான் தீரவேண்டும் என்கிறவர்களுக்கு மாந்தோப்பு காலியாக இருக்கிறது, அடுத்த சாமி வரும்வரை காத்திருக்கலாம். மற்றவர்கள் செய்யவேண்டியது இதுதான்: சாயங்காலம் பாயை நிரப்புங்கள். ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். படுக்கும் முன் இன்னும் நான்கு ஊது ஊதி மூடியை இறுக்குங்கள். காலையில் வெயில் ஏறும் முன், விரியும் காற்று பாயைப் பிளந்துவிடாதபடி, மூடியைத் திறந்துவிடுங்கள்.