தாடை டாக்டரும் தங்கையின் கடியும்

முன்னோடி என்று உலகத்திலே ஓர் இனம் உண்டு. அதிலே தாடை வைத்திய முன்னோடி தனி வகை. நீங்கள் சொல்லும் வணக்கம் அவர் காதில் ஏறாது. உங்கள் கீழ்த்தாடை எத்தனை மில்லிமீட்டர் முந்திக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அவர் கண்ணில் படும்.

இந்தத் தாடை டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுவதிலும், தாடையை அறுத்து நகர்த்தித் திருகாணி போடுவதிலும் அந்த வட்டாரத்துக்கே முதல் ஆள். சும்மா சொல்லக் கூடாது, கைராசிக்காரர். ஆனால் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவரையாவது பசையைக் கடிக்க வைத்து அச்செடுக்காமல் அனுப்பியிருப்பாரா? மாமனார், மாமியார், மைத்துனரின் சகலை, வழி கேட்க வந்த தபால்காரர் எல்லாருடைய பல்லும் வரவேற்பறை அலமாரியில் வெள்ளை வெளேரென்று இளித்துக்கொண்டிருக்கும். தூசி தட்டும் மனைவி, தன் அப்பாவுக்கு மட்டும் ஒரு துடைப்பு கூடுதலாகப் போடுவாள்.

இந்த மனிதர், ஒரே தங்கையின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மோவாயைப் பிடித்துக் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டி, "அருமையான கேஸ்! நாலு மில்லிமீட்டர் பின்னால தள்ளினா ஆளே மாறிடுவார்" என்றார். கோபித்துக்கொண்டு போன தங்கை பதினோரு வருஷம் அண்ணன் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை.

ஒருநாள் அவளே வந்தாள்.

"அடுத்த மாசம் குடும்பத்தோட வெளிநாடு போறோம் அண்ணா. திரும்பி வருவோமோ என்னமோ. கோபத்தோட போக மனசு வரல."

சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதாள். டாக்டருக்கும் கண் கலங்கியது.

"அழும்மா, நல்லா அழு. இன்னும் கொஞ்சம் வாயைத் திற. கடைவாய் தெரியல" என்று விரலை உள்ளே விட்டார்.

கடித்தாள். நறுக்கென்று.

அலறியவர், விரலில் பதிந்த பல் தடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததும் அடங்கிப்போனார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அடி என் தங்கமே! மேலே நாலு, கீழே நாலு, நூல் பிடிச்ச மாதிரி! சின்ன வயசுல நான் குடைக்கம்பியை வளைச்சுக் கட்டின பல்லாச்சே!"

"இப்ப எனக்காக அழறியா, பல்லுக்காக அழறியா?"

"ரெண்டையும் எப்படிம்மா பிரிக்கிறது? என் முதல் கேஸே நீதானே!"

முறைத்தாள். முறைப்பு நிலைக்கவில்லை, சிரித்துவிட்டாள்.

"சரி, அவர் வெளியே கார்ல இருக்கார். கூப்பிடறேன். ஆனா சத்தியம் பண்ணு, கழுத்துக்கு மேல பார்க்கக் கூடாது."

டாக்டர் சத்தியத்தைக் காப்பாற்றினார். மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானை அன்பொழுகப் பார்த்தபடி, "சௌக்கியமா?" என்று கை குலுக்கினார். வேர்த்துக் கொட்டியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தங்கை அழுத இடத்தில் உங்கள் பார்வை அவள் கண்ணீரில் நின்றதா, இல்லை, நீங்களும் கடைவாய்ப் பக்கம்தான் எட்டிப் பார்த்தீர்களா?